குளம் நிறைந்தபோது அல்ல, இறங்கியபோது

இறுதி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறிய குளமொன்றின் கட்டு. உயரம் 5 மீற்றர், உட்பக்கச் சரிவு நிலைக்குத்து 1க்குக் கிடை 2. அந்த மண் எந்த வளைவில் வழுக்கிப் பிரியும் என்று கணினியில் தேடவேண்டும்.

1955இல் மண்பொறியியலாளர் பிஷப் தந்த முறையைப் பிடித்துக்கொண்டேன். வட்டமாகச் சரியும் மண்ணை நிலைக்குத்துத் துண்டுகளாக்கி, தாங்கும் வலிமைக்கும் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. அதுதான் பாதுகாப்புக் காரணி; 1க்குக் கீழே போனால் மண் சரியும். ஆனால் சமன்பாட்டின் இரு பக்கமும் அதே காரணி நிற்கிறது. ஒன்றை ஊகித்துப் போட்டு, வந்த விடையைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால் ஐந்தாறு சுற்றில் அடங்கிவிடும்.

அடங்கியது. ஆனால் கணினி நிரல் கண்டுபிடித்த மிக மோசமான வட்டம் வெங்காயத் தோல் போல மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. காரணி 1.15. இரண்டு நாள் நிரலைத் திட்டிவிட்டுத்தான் தாளில் போட்டுப் பார்த்தேன்: மண்ணின் உராய்வுக் கோணம் 30 பாகை, அதன் தான்சன் (tan) 0.577, சரிவு 0.5, வகுத்தால் அதே 1.15. மண்ணின் ஒட்டுத்தன்மையைப் பூச்சியமாகவே விட்டிருந்தேன்! அது இல்லாத மண் மேல்தோலாகத்தான் வழுக்கும். ஆய்வுகூடத்தில் கிடைத்த 5 கிலோபஸ்காலைப் போட்டதும் வட்டம் ஆழத்துக்குப் போனது. ஆனால் அதன் மையம், நிரல் மையங்களைத் தேடும் கட்டத்தின் மூலையில் நின்றது. மூலையில் நின்றால் இன்னும் மோசமானது வெளியே இருக்கலாம். கட்டத்தைப் பெருப்பித்தேன். 2.2 வந்தது. வழமையாக எதிர்பார்ப்பது 1.5தானே என்று நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த கிழமை கட்டில் அளவெடுக்கும்போது குளத்து நீரைப் பார்க்கும் வட்டவிதானை ஐயா வந்தார். எந்த நேரத்துக்குக் கணக்குப் பார்க்கிறாய் என்றார். மாரியில் குளம் நிறைந்து வான் பாயும் நேரத்துக்கு என்றேன். கட்டின் மேல் நீளவாக்கில் ஓடிய வெடிப்பொன்றைக் காலால் தொட்டுக் காட்டினார்.

“தம்பி, துருசு உடைந்த வருடம் நாலு நாளில் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்போது வந்தது இது.”

எனக்கு முகம் சூடேறியது. பாடத்தில் படித்ததுதான். வெளியே தாங்கி நின்ற தண்ணீர் போய்விடும். களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் அவ்வளவு வேகமாக வடியாது. உள்ளே நீரமுக்கத்தை அப்படியே விட்டு, வெளிநீரை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினேன். 1.2.

கணினி வட்டம் கட்டின் மேற்பரப்பை உள்விளிம்பிலிருந்து 1.6 மீற்றரில் வெட்டியது. ஐயா காட்டிய வெடிப்பு 0.9 மீற்றரில். நேர்முகப் பரீட்சையில் இந்த 70 சென்ரிமீற்றருக்குத்தான் விளக்கம் கேட்டார்கள். மண் எடுத்தது மூன்றே மூன்று குழியில் என்றேன்.