எந்த வருஷத்து வண்டி? ஒரு எம்ஜிபி காரைப் பதிவு செய்த அனுபவம்

கலிஃபோர்னியாவில் பல காலம் ஓடிவிட்டு, பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்த ஒரு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, இங்கிலாந்தில் என் பெயரில் பதிவு செய்து முடித்தாயிற்று. செலவு, துரு, வெல்டிங் வேலை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரே கேள்விதான்: இது எந்த வருஷத்து வண்டி?

கலிஃபோர்னிய உரிமைப் பத்திரம் 1966 என்றது. விற்றவரும் அதையே சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போன பிரிட்டிஷ் கார்களுக்கு, ஷோரூமில் விற்ற வருஷத்தையே மாடல் வருஷமாக எழுதிவிடுவது சகஜம். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி, கப்பல் ஏறி, துறைமுகத்தில் கிடந்து, ஷோரூமில் காத்திருந்து, ஒருவர் வாங்கும்போது காலண்டர் மாறியிருக்கும். பிரிட்டனில் இதை அலட்சியம் செய்ய முடியாது. இங்கே அந்தக் காலத்து நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்தே வருஷத்தைச் சொல்லிவிடும்: 1965 என்றால் சி, 1966 என்றால் டி. ஆகவே பதிவு செய்யும் முன் வருஷத்தை ஆதாரத்தோடு நிறுவியாக வேண்டும்.

எம்ஜிபி பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. ஆக்ஸ்ஃபோர்டு அருகே அபிங்டன் என்ற சிறு நகரத்தில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 அக்டோபர் வரை உருவான கார் இது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. அங்கே வெயிலில் பெயின்ட் வெளுத்தாலும் இரும்பு தப்பித்தது. இங்கே மழையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து அடித்தகட்டைத் தின்றுவிட்டன. அதனால்தான் இன்று பலர் அமெரிக்காவில் தேடி வாங்கி இங்கே கொண்டுவருகிறார்கள். அதன் 1798 சிசி என்ஜின், எம்ஜியின் தாய் நிறுவனமான பி.எம்.சி.யின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. நம் ஊர் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் அதே வரிசைதான். பானெட்டைத் திறந்தபோது எனக்கு அதைப் பார்த்துப் பழகிய உணர்வு வந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். என்ஜின் அறைக்குள் இருந்த சிறிய தகட்டில் வண்டியின் அடையாள எண்: ஜிஎச்என்3எல் என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, அதன்பின் ஐந்து இலக்கம். என் வண்டியின் முழு எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. பழைய கார்களின் எண்ணைத் திருடி வேறு வண்டிக்கு ஒட்டும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த முன்னொட்டை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. முதல் ஜி, எம்ஜி என்ற பிராண்டைக் குறிக்கிறது. அடுத்த எச், என்ஜின் அளவு வகுப்பு: 1400 முதல் 1999 சிசி வரை. என் என்பது இரண்டு இருக்கை கொண்ட திறந்த கார். மேற்கூரை நிரந்தரமாக உள்ள ஜிடி மாடலுக்கு அந்த இடத்தில் டி வரும், அது ஜிஎச்டி3. கடைசி எல், இடதுபக்க ஸ்டியரிங். ஒரே அச்சில் வார்த்த குடும்பம் என்பதால், ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றையும் படித்துவிடலாம். சிறிய என்ஜின் உள்ள எம்ஜி மிட்ஜெட் ஜிஏஎன். அதன் இரட்டையான ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் எச்ஏஎன்; அங்கே முதலெழுத்தாக வரும் எச், ஹீலியைக் குறிக்கும். ஆறு சிலிண்டர் எம்ஜிசி, ஜிசிஎன்1. பின்னால் வந்த வி8 ஜிடி, ஜிடி2டி1.

நடுவில் இருக்கும் 3 மட்டும் ஆரம்பத்தில் உறுத்தியது. முதல் எம்ஜிபி ஏன் ஒன்றில் தொடங்காமல் மூன்றில் தொடங்க வேண்டும்? விடை முந்தைய மாடலில் இருக்கிறது. எம்ஜிஏ 1600 காரின் குறியீடு ஜிஎச்என். அதன் இரண்டாம் பதிப்பான மார்க் 2, ஜிஎச்என்2. தொழிற்சாலைக் கணக்குப் பிள்ளைகளுக்கு எம்ஜிபி ஒரு புதுக் காவியம் அல்ல, அதே வகுப்பில் அடுத்த வரிசை, அவ்வளவுதான். பாடி முற்றிலும் மாறி, தனி சேஸிஸே இல்லாத மோனோகாக் கட்டமைப்பாக ஆன பிறகும், குறியீட்டில் மூன்று என்று எண்ணிக்கையைத் தொடர்ந்தார்கள். எண்கள் மட்டும் 101-லிருந்து புதிதாகத் தொடங்கின.

இந்த 3 எனக்கு உடனே ஓர் எல்லையைக் காட்டிவிட்டது. 1967 இறுதியில் எல்லா கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு), டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் என்று பெரிய மாற்றங்களோடு மார்க் 2 வந்தபோது குறியீடு ஜிஎச்என்4 ஆனது. 1970 மாடலிலிருந்து ஜிஎச்என்5. ஆக, என் வண்டி 1962-க்கும் 1967-க்கும் இடைப்பட்டது. இன்னும் நெருங்க வேண்டும்.

தகட்டை மட்டும் நம்பக் கூடாது என்று இங்கே பழைய கார் ஆட்கள் யாரும் சொல்லாமல் விடமாட்டார்கள். கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்னத் தகடு, ஒரு மாலை நேர வேலையில் வேறு வண்டிக்குப் போய்விடும். எனவே வண்டியே என்ன சொல்கிறது என்று பார்த்தேன். கதவில் அழுத்தித் திறக்கும் பட்டன் கைப்பிடி. ஆரம்பகால எம்ஜிபிகளில் இழுத்துத் திறக்கும் கைப்பிடிதான். அது 1965-ன் முற்பாதியில் மாறியது. பெட்ரோல் டேங்க் 12 கேலன் அளவு, அதுவும் 1965-ல் 10 கேலனிலிருந்து வளர்ந்தது. பின் அச்சு பழைய பாஞ்சோ வகை. திறந்த கார்களில் 1967 வரை அதுதான். முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை, வண்டி முழுதாக நிற்காமல் போட்டால் கரகரவென்று திட்டும். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். இவை எல்லாம் 1965 நடுப்பகுதிக்கும் 1967-க்கும் இடையே பொருந்தின.

பொருந்தாதது என்ஜின். எம்ஜிபி என்ஜின் எண், பிளாக்கின் வலதுபுறம் டைனமோவுக்கு அருகே ஒரு சிறு தகட்டில் இருக்கும். அதற்கும் இலக்கணம் உண்டு. 1962-ல் 18ஜி: 1.8 லிட்டர், எம்ஜி. 1964 தொடக்கத்தில் 18ஜிஏ. அதே வருஷம் அக்டோபரில் 18ஜிபி. முந்தைய இரண்டிலும் கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங்குகள் தாங்கின, 18ஜிபி-யில் ஐந்து. அதனால்தான் அதன்பின் வந்த என்ஜின்கள் இன்னும் மென்மையாக ஓடுகின்றன, விலையும் பேசுகின்றன. அந்த முன்னொட்டுக்குப் பிறகு யு என்று இருந்தால் சாதாரண கியர் பாக்ஸ், ஆர்யு என்றால் ஓவர்டிரைவ், அதாவது நெடுஞ்சாலையில் என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர். கடைசி எச் அல்லது எல், கம்ப்ரஷன் அதிகமா குறைவா என்பது. என் வண்டியின் என்ஜின் தகட்டிலோ 18வி என்று இருந்தது, அதுவும் எல். 18வி என்பது 1971-ல்தான் வந்தது. ஆக இது எழுபதுகளின் அமெரிக்க வண்டி ஒன்றிலிருந்து எடுத்து மாட்டிய என்ஜின். பழைய கியர் பாக்ஸோடு அதைச் சேர்க்க பின்தகட்டையும் ஃப்ளைவீலையும் மாற்ற வேண்டும். கலிஃபோர்னியாவில் யாரோ ஒருவர் பொறுமையாக அதைச் செய்திருக்கிறார். வேலை சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

எண்கள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும்போது ஒரே வழி, அபிங்டன் தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடு. அவை இன்று வாரிக்‌ஷயரின் கேடன் ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்டி, தகட்டின் புகைப்படத்தோடு விண்ணப்பித்தால், பதிவேட்டில் பார்த்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். வந்த காகிதம் ஒரே பக்கம்தான், ஆனால் வண்டியின் ஜாதகம் போல எல்லாம் இருந்தது. உற்பத்தி நாள் 1965 நவம்பர். அதே மாதத்தில் அனுப்பிவைக்கப்பட்டது. போகும் இடம் வட அமெரிக்கா. நிறம் ஓல்டு இங்கிலீஷ் ஒயிட், உள்ளே கருப்பு. அசல் என்ஜின் 18ஜிபி, யு, எச், ஓவர்டிரைவ் இல்லை. கூடவே கம்பிச் சக்கரம், ஹீட்டர்.

வண்டி இப்போது சிவப்பு. டாஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். யாரும் தொடாத மூலைகளில் வெளுத்த அந்தப் பழைய வெள்ளை அப்படியே இருந்தது. எனக்கு அந்தத் தகடு இந்த பாடியோடு பிறந்ததுதான் என்று நம்பிக்கை வந்தது அந்த நிமிடம்தான். சான்றிதழ் எண்ணைச் சொல்லும்; அந்த எண்ணும் இந்த இரும்பும் ஒன்றுதான் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அலுவலக வேலை. வண்டி இறங்கியபோது சரக்கு ஏஜென்ட் அதைச் சாதாரணப் பழைய கார் என்று கணக்குப் போட்டு, 10 சதவீத சுங்கமும் 20 சதவீத வாட்டும் சொன்னார். 30 வயது தாண்டி, உற்பத்தி நின்றுபோய், பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கு சேகரிப்புப் பொருள் என்ற வகை உண்டு. அதில் சுங்கமே இல்லை, வாட் 5 சதவீதம்தான். என்ஜின் மாற்றியதால் கேள்வி வரலாம் என்று, அதே வரிசை, அதே கொள்ளளவு என்பதை ஆவணங்களோடு எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். யாராவது இதே வேலையில் இறங்கினால், வண்டி கப்பல் ஏறும் முன்பே இந்த வகையை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு திருத்துவது பெரும் பாடு.

வந்து 14 நாளுக்குள் நோவா என்ற அறிவிப்பை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் வி55/5 படிவம், அமெரிக்கப் பத்திரத்தின் அசல், சான்றிதழ், காப்பீடு, முதல் பதிவுக் கட்டணம் 55 பவுண்டு எல்லாம் சேர்த்து ஸ்வான்சியில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு. படிவத்தில் என்ஜின் எண் கேட்பார்கள்; வண்டியில் இப்போது இருக்கும் 18வி எண்ணையே எழுதினேன். அசல் எண் சான்றிதழில் இருக்கிறது என்பதற்காக அதை எழுதுவது சரியல்ல, நாளைக்கு யாராவது பானெட்டைத் திறந்தால் பொருந்தாது. வருஷம் பற்றி ஒரு தனித் தாளில் இரண்டு வரி: பத்திரத்தில் இருப்பது விற்பனை வருஷம், உற்பத்தி 1965.

40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் எடுத்தேன். பழைய பிரேக்கை அடுத்தவர் கண்ணால் ஒருமுறை பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. அமெரிக்க முகப்பு விளக்குகளின் ஒளி வலப்பக்கம் சாயும், இங்கே எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

சில வாரம் கழித்து வி5சி வந்தது. நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி. பதிவெண்ணின் கடைசி எழுத்து சி. சாலை வரி இல்லை, ஆனால் வரி இல்லை என்பதையே வருஷா வருஷம் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் கருப்பு நம்பர் பிளேட்டைக் கழற்றி கராஜ் சுவரில் மாட்டியிருக்கிறேன். நிறத்தை மறுபடி வெள்ளைக்கு மாற்றுவதா என்பதில் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.