கென்ட் வயல்களில் பழைய வரைபடங்களோடு

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து வேலை நிமித்தம் இங்கிலாந்தின் கென்ட் கவுண்டிக்குக் குடிவந்த எனக்கு, சனி ஞாயிறுகளில் போய்வர உறவுவீடு என்று எதுவும் இருக்கவில்லை. அந்த வெறுமையில்தான், மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய உலோகப் பொருள்களைத் தேட மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினேன். ஆனால் இந்த மண்ணை எனக்குப் பழக்கப்படுத்தியவை பழைய வரைபடங்கள்தான். எந்த வயலில் இறங்குவது, அதில் எந்த மூலையில் தொடங்குவது என்பதையும் இன்றுவரை அவையே தீர்மானிக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் கருவியின் விலையையும் மாடலையும் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத நிலத்தில் எந்தக் கருவியும் எதையும் காட்டப்போவதில்லை.

ஆர்ட்னன்ஸ் சர்வே எனப்படும் பிரிட்டிஷ் நில அளவை நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட வரைபடம், 1801இல் வந்த கென்ட் வரைபடம். (அதற்கு அடுத்த ஆண்டில்தான் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலையருகே அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளந்து தமது பெரும் இந்திய நில அளவைப் பணியைத் தொடங்கினார் என்பதில் எனக்கு ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.) மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அமைந்த அந்த 1801 வரைபடம் நம் வேலைக்குப் போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த, மைலுக்கு ஆறு அங்குலமும் இருபத்தைந்து அங்குலமும் கொண்ட தாள்களே உண்மையில் பயன்படுபவை. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பழைய தாளைப் படியவைத்து, மேலே இருப்பதை விரும்பிய அளவுக்கு மங்கச்செய்து பார்க்கும் வசதியும் அதில் உண்டு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நான் செய்வது, ஒரே இடத்தின் அடுத்தடுத்த பதிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு, முந்தையதில் இருந்து பிந்தையதில் காணாமற்போனவற்றைத் தேடுவதுதான். சிறு கறுப்புக் கட்டமாக இருந்த குடிசை, கிணற்றைக் குறிக்கும் ஒற்றை எழுத்து, கொல்லுப்பட்டறை, சாலையோரச் சத்திரம், சுண்ணாம்புக்கல் குழி, இன்று உழுது கரைக்கப்பட்டுவிட்ட வரப்புவேலி, அதன் குறுக்கே போன ஒற்றையடிப் பாதை ஆகியவை எல்லாம் கவனிக்க வேண்டியவை. இவற்றுள் எதற்கு முதலிடம் என்று கேட்டால், வீட்டைவிடப் பாதைகள் கூடுமிடத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். இடிந்த வீடு இருந்த இடத்தில் ஆணியும் இரும்புத்துண்டும் மண்டிக்கிடப்பதால் கருவி ஓயாமல் கத்தும். வேலியைத் தாண்டும் படி, ஓடையைக் கடக்கும் துறை, இரண்டு பாதைகள் சேரும் முக்கு ஆகிய இடங்களிலோ மனிதர்கள் நின்றார்கள், குனிந்தார்கள், மூட்டையை இறக்கிவைத்தார்கள். பையிலிருந்து விழுவது அங்கேதான் விழுகிறது.

இதற்கும் முந்தைய காலத்துக்குப் போக, தசமபாக வரைபடங்கள் கைகொடுக்கின்றன. விளைச்சலில் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்குத் தானியமாகவே கொடுத்துவந்த வழக்கத்தைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தபோது, ஊர் ஊராக வரையப்பட்டவை இவை. ஒவ்வொரு வரைபடத்துடனும் ஒரு பட்டியல் உண்டு. நம் ஊர் அடங்கல் போல, எண் வாரியாக உரிமையாளர் யார், பயிரிடுபவர் யார், நிலத்தின் பெயர் என்ன, என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று அது சொல்லிக்கொண்டே போகும். அளவில் எல்லாத் தாள்களும் ஒரே தரத்தில் இல்லை என்றாலும், நிலப்பெயர்களுக்காகவே இவற்றைப் பார்க்க வேண்டும். சந்தைத்திடல், ஆலைவயல், சூளைக்காடு என்று பொருள்படும் பெயர்கள் தென்பட்டால் நான் உடனே குறித்துக்கொள்வேன். கறுப்பு நிலம் என்ற பெயரில் தனிக் கவனம் வேண்டும். பழங்குடியிருப்பின் சாம்பலும் கழிவும் சேர்ந்து மண் கறுத்த இடமாக அது இருக்கக்கூடும்.

கென்ட்டில் அந்தப் பட்டியல்களில் அடிக்கடி வரும் பயிர், பீர் வடிக்கப் பயன்படும் ஹாப்ஸ். அதைப் பறிக்கச் செப்டம்பர் தோறும் கிழக்கு லண்டனிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்து, தோட்டத்துக் கொட்டகைகளில் தங்குவார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரங்கள் வரும்வரை இது நடந்தது. பறித்த அளவுக்குக் கூலிக்கணக்காக ஈய வில்லைகளைக் கொடுக்கும் பழக்கமும் முன்பு இருந்தது. நான் போகும் வயல் ஒன்று பட்டியலில் ஹாப்ஸ் தோட்டமாக இருக்கிறது. இருபத்தைந்து அங்குலத் தாளில் அதன் கீழ்க்கோடியில் ஒரு கொட்டகையும் கிணறும் உண்டு, இன்று அங்கே கோதுமை அறுத்த அடிக்கட்டை மட்டும்தான். கொட்டகை இருந்த இடத்தில் செங்கல் சில்லுகளும் சிப்பி ஓடுகளும் கலந்துகிடக்க, அங்கிருந்து பாதை வளையும் இடத்துக்கு விலகிப்போனதும் சத்தம் தெளிந்தது. அங்கே கிடைத்தவை பித்தளைப் பொத்தான்கள், ஒரு வார்க் கொக்கி (பக்கிள்), விளிம்பில் எழுத்துத் தேய்ந்த ஈய வில்லை, 1797ஆம் ஆண்டுச் செப்புப் பென்னி. அந்தப் பென்னி ஓர் அவுன்ஸ் எடை, அகலமான விளிம்பு, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அதை அடித்த மாத்யூ போல்டனின் பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலைதான் சென்னை மாகாணத்துக்கான காசுகளையும் அடித்தது. 1808ஆம் ஆண்டிட்ட அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “ஏய்யா, அடுத்தவன் பிஞ்சையில போயித் தோண்டுனா சும்மா விடுவானா?” என்று கேட்டாள். விடமாட்டான் என்பதுதான் சரியான பதில். பொதுப்பாதையில் நடக்க உரிமை உண்டே தவிர, அதன் ஓரத்தில் தோண்ட உரிமை கிடையாது. நில உரிமையாளரின் அனுமதியை, கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் சேர்த்து, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அரசின் இசைவின்றிக் கருவியை இயக்குவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே அந்த எல்லைகளையும் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வரையறைக்குள் வரும் பொருள் கிடைத்தால், 14 நாள்களுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவற்றை, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் பதிவுத்திட்டத்தின் உள்ளூர் அலுவலரிடம் காட்டிப் பதிந்துகொள்ளலாம். அனுமதி கேட்கப் போகும்போது, அந்தப் பண்ணையின் பழைய தாளை அச்செடுத்துக் கையில் கொண்டுபோவது என் வழக்கம். வந்தவன் யார் என்ற சந்தேகத்தோடு கதவைத் திறக்கும் மனிதர், தம் தாத்தா காலத்துக் களஞ்சியத்தைத் தாளில் கண்டதும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார். வரைபடத்தில் இல்லாத விவரங்கள் அந்த மேசையில்தான் கிடைக்கும்.

ஆகஸ்ட் அறுவடைக்கும் இலையுதிர்கால விதைப்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களே இந்தப் பக்கத்து உழவு நிலங்களில் வசதியான காலம். பட்டியலில் சந்தைத்திடல் என்ற பெயருள்ள ஒரு வயலுக்கு, பார்லி அறுத்ததும் வரும்படி அதன் உரிமையாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள், அந்த நிலத்தின் பழைய வேலிக்கதவுகள் எங்கெங்கே இருந்தன என்று தாளில் அளந்து குறித்துவைக்க வேண்டும்.