அழுதால் யார் வர வேண்டும்?

மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் டே கேரில் திரைச்சீலையை இழுத்துவிடுவோம். பெரிய பிள்ளைகளுக்குப் பாய், சின்னதுகளுக்குத் தூளி. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், மொத்தம் 18 பேர். பார்த்துக்கொள்ள நானும் இன்னொரு அக்காவும். அவர் டயப்பர் மாற்றப் போனால் மிச்சம் 17 பேரும் என் பொறுப்பு.

இந்த வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. அழுகையைக் கேட்டாலே எதற்கென்று பாதி புரிந்துவிடும். பசி அழுகை வீறிட்டு வரும், பாட்டிலைப் பார்த்ததும் சட்டென்று நிற்கும். தூக்க அழுகை கண்ணைக் கசக்கிக்கொண்டு இழுவையாக வரும். பிடிவாத அழுகையில் ஒரு கண் நம் மேலேயே இருக்கும். காய்ச்சல் அழுகைதான் ஏமாற்றிவிடும். அதில் சத்தமே இருக்காது, வெறும் அனத்தல். அதைக் கண்டுபிடிக்கக் காது போதாது, தூக்கி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

போன வருடம் நிர்வாகம் ஒரு ரோபோ வாங்கிக் கொடுத்தது. முழங்கால் உயரம், அடியில் சக்கரம், முகத்துக்குப் பதில் ஒரு திரை, அதில் இரண்டு கண். அழுகைச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் உருண்டு போய் மெதுவாகப் பாடும், விளக்கை மங்கலாக மினுக்கும். பிள்ளைகள் அதற்குப் ‘பொம்மு’ என்று பேர் வைத்தார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நாங்கள் பருப்பு சாதம் பிசைந்து சின்னதுகளுக்கு ஊட்டும் நேரத்தில், மூன்று வயசுக்காரர்களை அது கதை சொல்லி உட்கார வைத்தது. ஒரே கதையை எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல் சொல்லும். எனக்கு அந்தப் பொறுமை எல்லா நாளும் இருந்ததில்லை. குரலை உயர்த்திய நாட்கள் உண்டு, நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஒன்றரை வயசுப் பெண் குழந்தை ஒருத்தி இரண்டு மணிக்கு மேல் தூளிக்குள் லேசாகச் சிணுங்கினாள். நான் வேறொரு பிள்ளை எடுத்த வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொம்மு அந்தப் பக்கம் போனது, பாட்டு கேட்டது, சிணுங்கல் நின்றது. சரி, தூங்கிவிட்டாள் என்று விட்டுவிட்டேன். மூன்றேகாலுக்குப் பால் கொடுக்கத் தூக்கியபோது என் கை சுட்டது. புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன், தெர்மாமீட்டரே தேவைப்படவில்லை. கண் திறந்துதான் இருந்தது. சுணங்கிப்போய் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் சீழ் பிடித்திருக்கிறது என்று சாயங்காலம் டாக்டர் சொன்னார்.

அவள் அம்மா ஓடி வந்தார். திட்டவில்லை. “எப்பலேருந்துக்கா இப்படிச் சூடா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ரோபோவின் ஆப்பில் இருந்தது. 2.10, 2.26, 2.41 என்று மூன்று பதிவு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘அழுகை: சமாதானமானது’ என்று பச்சையில் ஒரு டிக்.

குழந்தை சில நாளில் தேறிவிட்டாள். எனக்குத்தான் அந்தப் பச்சை டிக் மனதை விட்டுப் போகவில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பேச்சு வராத பிள்ளைக்கு அழுகைதான் பேச்சு. மூன்று தரம் அவள் கூப்பிட்டிருக்கிறாள், மூன்று தரமும் பாட்டைக் கேட்டு அடங்கியிருக்கிறாள், நாங்கள் யாரும் போகவில்லை. அழுகையை நிறுத்துவதுதான் அந்த மெஷினுக்குக் கொடுத்த வேலை, அதை அது செய்தது. அப்படி ஒரு வேலையை அதற்குக் கொடுத்ததே தப்பு என்று நினைக்கிறேன்.

ஒரு பயிற்சி வகுப்பில் ஹாரி ஹார்லோ என்ற உளவியல் ஆய்வாளரின் குரங்குகளைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு அவர் இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார், ஒன்று வெறும் கம்பி, இன்னொன்று துணி சுற்றியது. கம்பித் தாயிடம் பால் இருந்தும், குட்டிகள் பால் இல்லாத துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. வகுப்பில் அதோடு முடித்துவிட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று நானாகத் தேடிப் படித்தேன். பொம்மைத் தாயோடு வளர்ந்த குட்டிகள் பெரிதானபோது மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் தவித்தன. தாயானவற்றில் சில, பெற்ற குட்டிகளையே ஒதுக்கித் தள்ளின. பயம் தெளிய அந்தத் துணி போதுமாக இருந்தது, வளர்வதற்குப் போதவில்லை. 2010இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் நோயல் ஷார்க்கியும் அமாண்டா ஷார்க்கியும் ரோபோ ஆயாக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரும்பொழுதும் ரோபோவின் கையிலேயே விடப்படும் குழந்தைக்குப் பாசப் பிணைப்பு எப்படி உண்டாகும் என்பது அவர்களுடைய கவலைகளில் ஒன்று. எங்களிடம் சில பிள்ளைகள் காலை எட்டரைக்கு வந்து இரவு ஏழுக்குப் போகிறார்கள்.

பிள்ளைகள் பாசம் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு குழந்தைகள் மையத்தில், க்யூரியோ என்ற சோனி ரோபோவை ஐந்து மாதம் பிள்ளைகளோடு பழகவிட்டு, 2007இல் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை, இரண்டு வயசுக் குழந்தைகள். பேட்டரி தீர்ந்து அது படுத்ததும் போர்வை போர்த்தி ‘நைட் நைட்’ சொன்னார்களாம். எங்களிடமும் நாலு வயசுப் பையன் ஒருவன், சார்ஜ் ஏறும்போது பொம்முவுக்குக் குளிரும் என்று தன் கைக்குட்டையை அதன் தலையில் போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஒருநாள் “பொம்முக்கு என்னைப் பிடிக்குமா ஆன்ட்டி?” என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. “உனக்குப் பொம்முவைப் பிடிக்கும்ல” என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “எனக்கு உன்னைப் பிடிக்கும்டா” என்றதும் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

பெற்றோர் மேல் பழி போட எனக்கு மனசு வராது. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாம். நான்கு முறை வந்த தாயை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை, மீட்டிங் நடுவில் எழுந்து வர யார் விடுகிறார்கள்? ஆனால் ரோபோவில் கேமரா இருக்கிறது, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறையாவது வந்து மடியில் வைத்துக்கொஞ்சிவிட்டுப் போனவர்களும் குறைந்துவிட்டார்கள். அது எனக்கு மிகவும் வலிக்கிறது.

நானும் அக்காவும் நிர்வாகத்திடம் பேசினோம். அழுகை கேட்டதும் பொம்மு பாடக் கூடாது, முதலில் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றோம். மாற்றித் தந்தார்கள். இப்போது எங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை அதிர்கிறது. எத்தனை மணிக்கு எந்தப் பிள்ளை அழுதது, யார் தூக்கினோம், எதற்கு அழுதது என்று நாங்களே ஒரு நோட்டில் எழுதுகிறோம். ஒரே மதியத்தில் முப்பது தடவைக்கு மேல் அதிர்ந்த நாளும் உண்டு. ‘யார்’ என்ற கட்டம் காலியாகவே இருக்கும் வரிகளும் அதில் நிறைய இருக்கின்றன.

மூன்றாவதாக ஓர் ஆயா வேண்டும் என்று கேட்டோம். அதுதான் ரோபோ இருக்கிறதே என்றார்கள். போன வாரம் அந்த நோட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.