விடுதித் தளங்களுக்கு ஒரு நல்ல 404 பக்கம்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் மே தொடங்கி செப்டெம்பர் வரை. ஒவ்வொரு சீசனுக்கும் வாடகைப் பக்கத்தைப் புதிதாகப் போட்டுப் பழையதை அழிப்பது விடுதித் தளங்களில் வழக்கம். ஆனால் பழைய லிங்க் வட்ஸ்அப் குழுக்களிலும் பயணத் தளங்களிலும் அப்படியே கிடக்கும். அதைத் தட்டுகிறவருக்கு "பக்கம் இல்லை" என்ற வெற்றுத்திரையை (இதுதான் 404 பக்கம்) காட்டினால், அவர் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார்.

வேர்ட்பிரஸ் தளமென்றால் '404பேஜ்' என்ற இலவச பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) போதும். வழமையான பக்கம் ஒன்றை எழுதிப் பப்ளிஷ் செய்து, அப்பியரன்ஸ் மெனுவில் புதிதாக வரும் 404 பகுதியில் அதைத் தெரிவுசெய்தால் வேலை முடிந்தது. பிளாக் தீம் (சைட் எடிட்டரில் திருத்தக்கூடிய வடிவமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு பிளகினே தேவையில்லை. சைட் எடிட்டரில் 404 டெம்ப்ளேட்டைத் திறந்து நேரடியாக மாற்றலாம்.

இந்த பிளகினை நான் பரிந்துரைக்கக் காரணம், அது யாரையும் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதில்லை. கேட்ட முகவரியிலேயே உங்கள் பக்கத்தைக் காட்டி, 404 என்ற குறியீட்டையும் சரியாக அனுப்புகிறது. எல்லாத் தவறான லிங்க்கையும் முகப்புக்குத் திருப்பும் பிளகின்களைத் தயவுசெய்து போடாதீர்கள். வாடகை தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். கூகுளும் அவற்றை 'சொஃப்ட் 404', அதாவது 404 என்று சொல்லாத இல்லாப் பக்கம், என்று பட்டியலிடும்.

தமிழில் தலைப்பு வைக்கிறவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தலைப்பிலிருந்து உருவாகி முகவரியின் கடைசியில் வரும் பகுதியான ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் 200 எழுத்திடம்தான் தருகிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் அதில் 9 இடம் பிடிக்கும். 'நி' என்றால் 'ந'வுக்கு 9, விசிறிக்கு 9. ஆக 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். "நிலாவெளி கடற்கரை விடுதி அறை வாடகை" என்று பதிவு போட்டால் 'விடுதி'யோடு ஸ்லக் அறுந்துவிடும். பிறகு "நிலாவெளி கடற்கரை விடுதி உணவு விபரம்" என்று போட்டால் அதுவும் அதே இடத்தில் அறுந்து, கடைசியில் -2 சேரும். முதலாவதை அழித்துவிட்டீர்களா? அதன் லிங்க்கில் வருபவர் 404 பக்கத்தையே பார்க்கமாட்டார். வேர்ட்பிரஸ் தானாக ஊகித்து, அதே எழுத்துகளில் தொடங்கும் உணவுப் பதிவுக்கு அனுப்பிவிடும். இந்த ஊகத்தை நிறுத்தும் தெரிவு '404பேஜ்' செட்டிங்ஸில் இருக்கிறது, போட்டுவிடுங்கள். குப்பைக்குப் போன பதிவுகளுக்கு 404க்குப் பதில் 410 அனுப்பும் தெரிவும் அங்கேயே உண்டு. நிரந்தரமாகப் போய்விட்டது என்பதைத் தேடுபொறிக்குத் தெளிவாகச் சொல்வது அது.

ஸ்லக்கைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் நீங்களே எழுதுவதுதான் நல்லது. பப்ளிஷ் செய்த பிறகு மாற்றினால், 'போஸ்ட்' (பதிவு) ஆக இருந்தால் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துப் புதியதற்கு அனுப்பும். 'பேஜ்' (நிலையான பக்கம்) ஆக இருந்தால் அந்த வசதி இல்லை. அதற்கு 'ரீடைரக்ஷன்' பிளகினில் 301 (புதிய முகவரிக்கு நிரந்தரத் திருப்பம்) போட வேண்டும். பழைய வாடகைப் பக்கத்தை அழிக்கும்போதும் புதியதற்கு 301 போடுவதே சரி. ஆண்டை முகவரியில் சேர்க்காமல் ஒரே பக்கத்தைத் திருத்திக்கொண்டு வந்தால் பிரச்சினையே எழாது.

404 பக்கத்தில் என்ன எழுதுவது? தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒவ்வொரு வரி, தட்டினால் அழைப்புப் போகும் தொலைபேசி எண், வட்ஸ்அப் லிங்க், அறைகளுக்கும் வழிகாட்டி வரைபடத்துக்கும் லிங்க், ஒரு தேடல் பெட்டி. ஸ்லைடரும் புறாத்தீவின் பெரிய படமும் இங்கே வேண்டாம். தளத்தில் இல்லாத ஒரு படத்தை உலாவி கேட்டாலும் பெரும்பாலான அமைப்புகளில் வேர்ட்பிரஸ் முழுதாக ஓடி இந்தப் பக்கத்தைத்தான் தயாரிக்கும். பல தளங்கள் ஒரே சேவரைப் பகிரும் மலிவான ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் அந்தச் சுமை சீக்கிரம் தெரியவரும்.

முகப்பு மட்டும் திறந்து மற்ற எல்லாமே 404 என்றால் பிளகினைக் குறை சொல்லாதீர்கள். செட்டிங்ஸில் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் ஒருமுறை சேவ் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். கடைசியாக, கேஷை (சேமித்துவைத்த பழைய நகல்களை) அழித்துவிட்டு, குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வேர்க் பகுதியைத் திறந்து இல்லாத முகவரி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். முதல் வரியில் 404 வர வேண்டும். 200 (பக்கம் இருக்கிறது என்ற குறியீடு) வந்தால் கேஷ் பிளகினோ தீமோ குறுக்கிடுகிறது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எதுவென்று தெரியும்.