அக்ராகஸ், அக்ரிகெந்தும், ஜிர்ஜென்தி

மார்ச் 4, 2024, திங்கள்

பலெர்மோவிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தேன். நிலையத்துப் பெயர்ப்பலகையில் அக்ரிஜென்தோ என்றிருக்கிறது. சிசிலித் தீவின் தென்கரையில் உள்ள இந்த ஊர் கிரேக்கர்களுக்கு அக்ராகஸ், ரோமானியர்களுக்கு அக்ரிகெந்தும். கோயில்களைப் பார்க்க உலகமே வருகிறது. என்னை இழுத்து வந்தது இந்தப் பெயர்கள்.

கிரேக்க வரலாற்றாசிரியர் துசிதிதீஸ் சொல்லும் கணக்குப்படி, ஏறத்தாழ கி.மு. 580இல் இதே தீவிலுள்ள கேலா என்ற கிரேக்க நகரத்தார் அரிஸ்தோனூஸ், பிஸ்தீலோஸ் என்ற இருவர் தலைமையில் இங்கே குடியேறினார்கள். பக்கத்தில் ஓடிய ஆற்றின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

இந்த நகரம் அச்சிட்ட பழைய வெள்ளிக் காசு ஒன்றை இன்று கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் சிறகை மடக்கி நிற்கும் கழுகு. மறுபக்கம் நண்டு, ஓட்டின் மேடு பள்ளம்கூட மழுங்கவில்லை. கழுகைச் சுற்றி 'அக்ராகன்தொஸ்' என்று கிரேக்க எழுத்துகள். 'அக்ராகஸினுடையது' என்று பொருள்.

அக்ராகஸ் எப்படி லத்தீனில் அக்ரிகெந்தும் ஆனது என்ற மர்மம் இந்தக் காசிலேயே அவிழ்கிறது. நம் 'மரம்' வேற்றுமை உருபு ஏறும்போது 'மரத்து' ஆவதுபோல, அக்ராகஸ் என்ற சொல்லும் உருபு ஏறும்போது 'அக்ராகன்த்-' ஆகிவிடும். 'அக்ராகஸுக்குப் போனேன்' என்று கிரேக்கன் சொல்லும்போது காதில் விழுவது 'அக்ராகன்தா'. ரோமானியர்கள் பிடித்துக்கொண்டது அந்த வடிவத்தைத்தான். கூடவே 'உம்' என்ற தங்கள் விகுதியைச் சேர்த்தார்கள். தாரஸ் நகரம் தாரென்தும் ஆனதும் இதே வழியில்தான்.

உயிரொலிகள் மாறியதற்கும் காரணம் உண்டு. பழைய லத்தீனில் சொல்லின் முதல் அசைக்கு அழுத்தம் விழுந்ததால் நடுவில் உள்ள 'அ' நலிந்து சில இடங்களில் 'இ' ஆகும், சில இடங்களில் 'எ' ஆகும். ஆண்டைக் குறிக்கும் 'அன்னுஸ்', 'பெரென்னிஸ்' என்ற சொல்லுக்குள் போனதும் 'என்னிஸ்' ஆகிவிடுகிறது. அக்ராகன்த், அக்ரிகெந்த் ஆனதும் அப்படியே. வல்லொலிக் ககரம் மெல்ல ஒலிக்கும் ககரமானதும் பழைய கடன் சொற்களில் காணும் பழக்கம். நம் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது.

இவ்வளவு மாற்றம் ஒரு பெயருக்கு நேர வேண்டுமென்றால் அது ஏட்டிலிருந்து எடுத்த பெயராக இருக்க முடியாது. கி.மு. 262இல் ரோமப் படை இந்த ஊரை முற்றுகையிட்டது. அதற்கு வெகு காலம் முன்பே பெயர் அவர்கள் வாயில் புழங்கியிருக்க வேண்டும். ஆகவே அக்ரிகெந்துமைச் 'சிதைந்த வடிவம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய கிரேக்கர்களே 'அக்ராகன்தஸ்' என்கிறார்கள். உருபேற்ற வடிவம் அவர்களிடமும் வென்றுவிட்டது.

மார்ச் 7, வியாழன்

ஹெராக்ளீஸ் கோயில் தூண்களின் நிழலில் உட்கார்ந்து ரோமானியப் பேச்சாளர் சிசெரோவைப் படித்தேன். கி.மு. 70இல், சிசிலியின் ஆளுநராக இருந்த வெர்ரேஸுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கின் உரைகள். உரைநடைக்காரரான அவருக்கு இது எப்போதும் அக்ரிகெந்தும்தான். இங்கே ஒரு வெண்கல ஹெர்குலிஸ் சிலை இருந்ததாம். வேண்டிக்கொள்ள வந்தவர்களும் நன்றி சொல்ல வந்தவர்களும் முத்தமிட்டு முத்தமிட்டு அதன் வாயும் மோவாயும் தேய்ந்திருந்தன என்கிறார். அதைத் திருட வெர்ரேஸின் ஆட்கள் இரவில் வந்தபோது ஊரே திரண்டு கல்லெறிந்து விரட்டியது. அந்தத் தேய்ந்த மோவாயை நினைக்க நினைக்க மனம் நெகிழ்கிறது.

ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வழி வேறு. அவருடைய காவிய நாயகன், டிராயிலிருந்து தப்பிய ஈனியஸ், கப்பலில் இந்தக் கரையைக் கடக்கும்போது, உயரத்தில் நிற்கும் 'அக்ராகஸ்' தன் பெரும் மதில்களைத் தொலைவிலேயே காட்டுகிறது. டிராய்ப் போர்க் காலத்தில் இந்த ஊரே கிடையாது; கவிஞருக்கு அது பொருட்டல்ல. லத்தீன் கவிதையில் கிரேக்கப் பெயரை அப்படியே வைத்ததில் ஒரு கம்பீரம் இருக்கிறது. 'மனிதர் நகரங்களில் பேரழகி' என்று கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடிய ஊரல்லவா, அந்த ஓசையை வெர்ஜில் விட மனமில்லாமல் இருந்திருப்பார்.

மார்ச் 8, வெள்ளி

மேட்டு நகரத்தின் சந்துகளில் ஏறி இறங்கினேன். ரோமுக்குப் பிறகு, 9ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சி வந்தது. அரபு நாவில் பெயர் மறுபடியும் உருமாறியது, முதல் 'அ' உதிர்ந்தது, கடைசியில் ஜிர்ஜென்தி ஆனது. 1787இல் ஜெர்மன் கவிஞர் கதே வந்து தங்கியது ஜிர்ஜென்தியில். 1867இல் நாடகாசிரியர் பிரான்டெல்லோ பிறந்ததும் ஜிர்ஜென்தியில்.

1927இல் முசோலினி அரசு அதை நீக்கி, ரோமப் பெருமையை நினைவூட்டும் அக்ரிஜென்தோவைச் சூட்டியது. எனக்கு இது கசக்கிறது. அக்ரிகெந்தும் எவ்வளவு இயல்பாக விளைந்ததோ, ஜிர்ஜென்தியும் அவ்வளவு இயல்பாக விளைந்தது. பல நூற்றாண்டுகளாக மீனவரும் கந்தகச் சுரங்கத் தொழிலாளரும் சொல்லி வந்த பெயரை ஓர் ஆணை எடுத்துப் போட்டது. 2016இல் பழைய மேட்டு நகரப் பகுதிக்கு மட்டும் ஜிர்ஜென்தி என்ற பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நகரம் முழுவதற்கும் கொடுத்திருக்கலாம்.