தரங்கம்பாடியில் ஓர் ஆராதனை

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்குப் பேருந்து. வருகிறவர்களில் பலர் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடலோரம் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் போனது புது எருசலேம் ஆலயத்தின் ஞாயிறு ஆராதனைக்கு.

1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளூட்சோவும் இங்கே வந்திறங்கியதில் தொடங்கியதுதான் இந்தியாவில் புராட்டஸ்டண்ட் மிஷன். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். வந்த இருவரும் ஜெர்மானியர்கள், ஹாலே நகரத்தோடு தொடர்புள்ளவர்கள். 1718-இல் கட்டிய ஆலயத்தின் முகப்பில் அரசரின் கிரீட முத்திரை இன்னும் இருக்கிறது. உள்ளே சீகன்பால்குவின் கல்லறை.

முந்தானையைத் தலையில் போட்டிருந்த பாட்டி ஒருவர், பிளாஸ்டிக் அட்டை போட்ட பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே எல்லாச் சரணங்களையும் பாடினார். அந்த மிஷனரிகளின் ஹாலேயிலோ இன்று பெரும்பாலானோர் எந்தச் சபையிலும் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் கழிந்த நாற்பது ஆண்டுகளுக்கு அதில் பெரிய பங்குண்டு. அமெரிக்காவிலும் சரிவுதான்: பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2007-இல் 51 சதவீதமாக இருந்த புராட்டஸ்டண்டுகள் 2023-24-இல் 40 சதவீதம், எந்த மதத்தையும் சாராதவர்கள் 16-லிருந்து 29 ஆகிவிட்டார்கள்.

ஆனால் கணக்கு வேறு, ஆள் வேறு. டென்மார்க்கில் பத்தில் ஏழு பேர் இன்னும் தேசியச் சபையின் ஏட்டில் இருக்கிறார்கள். ஞாயிறன்று கோயிலுக்கு வருவது மிகச் சிலர். நம் டெல்டாவில் தலைகீழ். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை கிடையாது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது; கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. அதனால் வாரம் தவறாமல் ஆராதனைக்கு வந்தும், சான்றிதழில் இந்து என்றே இருக்கிறவர்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களை 6.12 சதவீதம் என்கிறது. அதில் இவர்கள் எந்தப் பக்கம்? பிள்ளையின் படிப்புக்காக ஒருவர் தன் நம்பிக்கையை மறைக்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் அந்தப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். பேரன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறானாம். அங்கே பதிவு செய்யும்போது மதத்தையும் கேட்பார்கள்; சபையில் இருப்பதாக எழுதினால் வருமான வரியோடு அதில் 8 அல்லது 9 சதவீதம் சபை வரியும் பிடிப்பார்கள். வேண்டாமென்றால் முறைப்படி எழுதிக் கொடுத்து விலக வேண்டும்.

“பேரை எடுத்துடவா பாட்டின்னு போன்ல கேட்டான், தம்பி. காசு போனாப் போவுது, இருக்கட்டும்டான்னுட்டேன். அந்த ஊருக் கோயில்ல நாலஞ்சு கிழவிங்கதான் உக்காந்திருக்காங்களாம். இவனாவது போயி சத்தமாப் பாடட்டும்.”