சிம்னி புகைக்கும் போர்வெல் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்

மன்னார்குடி பக்கத்துல புழுங்கல் அரிசி மில்லு எங்களது, உமியிலதான் பாய்லர் ஓடுது. அந்த பாய்லர் பக்கத்துல 14 வருஷமா நிக்கிறேன். போன கோடையில பட்ட பாட்டை எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன்.

மொத புகார் பின்னாடி தெருவுலேர்ந்து வந்துச்சு. ஒரு பாட்டி வடாம் காயவச்ச தட்டோட வந்து "பாருப்பா தம்பி, எப்படி படிஞ்சிருக்கு"ன்னு காமிச்சாங்க, வெள்ளை வடாம் மேல மிளகுப்பொடி தூவின மாதிரி கரி. எனக்கு மனசே ஆறல. உள்ள போயி பாத்தா சிம்னி டெம்பரேச்சர் எப்பவும் 200 கிட்ட நிக்கிறது 260 காட்டுது, ஸ்டீம் ப்ரெஷர் ஏற மாட்டேங்குது, பசங்க உமியை அள்ளி அள்ளித் தள்ளுறாங்க, காத்து பத்தாம கரும்புகையா போகுது. சிம்னி சூடு 22 டிகிரி ஏறினாலே உமி செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும்.

நிறுத்தி ஆறவச்சு தொறந்தோம். சூட்டைத் தண்ணிக்குக் கடத்துற ட்யூப் மேல முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளையா படிவு, ஸ்க்ரூ டிரைவரால தட்டினா சில்லு சில்லா விழுது. சூடு தண்ணிக்குப் போகாம அந்த ஓட்டுல மறிச்சு நின்னு சிம்னி வழியா வெளிய போயிட்டிருக்கு.

ஓனர் அண்ணன் "கெமிக்கல்தான் மாசாமாசம் வாங்குறோமே"ன்னாரு. வாங்குனோம், ஒரு கம்பெனிக்காரர் தெனம் இவ்வளவு ஊத்துங்கன்னு சொல்லிட்டுப் போனதை அப்படியே ஊத்துனோம், தண்ணியை யாரும் டெஸ்ட் பண்ணல. அதுல இருக்குற பாஸ்பேட் தண்ணியோட சுண்ணாம்பை ட்யூப்ல ஒட்ட விடாம சேறா ஆக்கும், அந்த சேறை ப்ளோடவுன் அடிச்சு, அதாவது பாய்லர் தண்ணியைக் கொஞ்சம் தொறந்துவிட்டு, வெளிய எடுக்கணும், அதை அவர் சொல்லவே இல்ல. அதுவும் மிச்சம் மீதி ஹார்ட்னஸுக்குத்தான், அதாவது தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்புக்குத்தான் பாஸ்பேட், மொத வேலை அந்த சுண்ணாம்பை ரெசின் மணியால முன்னாடியே பிடிக்கிற சாஃப்ட்னரோடது. கோடையில போர் தண்ணி கீழ போயி ஹார்ட்னஸ் ஏறிடுச்சு, ரெசினைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவர்ற உப்பை நாங்க வாரத்துக்கு ஒருதடவைதான் போட்டோம், ரெசின் மூணே நாள்ல தீந்துபோயி பாக்கி நாளெல்லாம் பச்சைத் தண்ணி நேரா பாய்லருக்குப் போயிருக்கு.

விவரம் தெரிஞ்ச ஆளை வச்சு ஆசிட் வாஷ் பண்ணோம். இப்ப ஷிப்டுக்கு ஒருதடவை சாஃப்ட்னர் தண்ணியைப் பிடிச்சு பஃபர் மருந்து ரெண்டு சொட்டு, ஹார்ட்னஸை நிறத்துல காட்டுற இண்டிகேட்டர் பொடி ஒரு சிட்டிகை போட்டுப் பாக்குறேன், நீலம் வந்தா விடு, பீட்ரூட் சிவப்பு வந்தா உடனே உப்பு. பாய்லர் தண்ணி பிஎச் (காரத்தோட அளவு) 10.5லேர்ந்து 11.5க்குள்ள, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச மொத்த உப்பு) 3500க்குக் கீழ இருக்கணும். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் கொறைக்காது, அதுக்கு ப்ளோடவுன்தான், அளவுக்கு மேல அடிச்சா சூடு பண்ண தண்ணியும் போட்ட கெமிக்கலும் வாய்க்காலுக்குப் போயிடும்.

ஆக்சிஜன் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் பாய்லர் இரும்பை அரிக்கும், அதைப் பிடிக்கத்தான் சல்ஃபைட் கெமிக்கல். 30 டிகிரி தண்ணியில ஏழரை பிபிஎம் (பத்து லட்சத்துல ஏழரை பங்கு) ஆக்சிஜன் இருக்கும், 1 பிபிஎம்முக்கு 8 பிபிஎம் சல்ஃபைட் வேணும், கணக்கு போட்டா 60 ஆகுது. அதே தண்ணியை 90க்கு சூடு பண்ணிட்டா ஆக்சிஜன் ஒண்ணரை சொச்சம்தான், சல்ஃபைட் 13 போதும். ஊற வைக்கிறதுக்கும் அவிக்கிறதுக்கும் போற ஸ்டீம் நெல்லோட போயிடும், திரும்பாது, ஆனா நெல் காயவைக்கிற டிரையர்லேர்ந்து வர்ற கண்டன்சேட்டை, அதாவது ஸ்டீம் ஆறி வர்ற சுடுதண்ணியை, எங்க மில்லுல இத்தனை வருஷமா தரையில விட்டுட்டிருந்தோம். இப்ப பைப் போட்டு, பாய்லருக்குத் தண்ணி போற ஃபீட் டேங்குக்குத் திருப்பியாச்சு. ஃபீட் தண்ணி 6 டிகிரி ஏறினா உமி 1 சதவீதம் மிச்சம்.

புகைக்கு மருந்துன்னு பவுடர் விக்க வர்றவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்றேன், மொதல்ல என் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. 1 டன் உமி எரிஞ்சா 200 கிலோ கிட்ட சாம்பல், பறக்குற சாம்பலைப் பிடிக்க, புகையைச் சுழட்டி சாம்பலைப் பிரிக்கிற சைக்ளோன் கருவி வேணும், அதை எந்த கெமிக்கலும் செய்யாது, ஆனா அந்த டன்னையே எரிக்காம மிச்சம் பிடிக்கத் தண்ணி வைத்தியம் உதவும். இப்ப சிம்னி 205ல நிக்குது. பாட்டி இந்த வருஷமும் வடாம் போட்டிருக்காங்க, நேத்து மதியம் நானே போயி தட்டைப் பாத்துட்டு வந்தேன், வெள்ளையா இருந்துச்சு.